வீட்டில் தோட்டா ரீலோடிங்: திரும்பத் திரும்ப என்னிடம் கேட்கப்படும் கேள்விகள்

டெக்சாஸில் நாங்கள் இருக்கும் பக்கம், சனிக்கிழமை காலை துப்பாக்கி ரேஞ்சில் தமிழ்க் குரல் கேட்பது இப்போது அதிசயமில்லை. அதில் நாலைந்து பேர் சுட்டு முடித்த கூட்டைப் பொறுக்கிப் போய் வீட்டிலேயே திரும்ப நிரப்பத் தொடங்கியிருக்கிறார்கள். பதினோரு வருடமாக என் கராஜில் இதைச் செய்து வருவதால் சந்தேகம் எல்லாம் என்னிடம் வந்து சேருகிறது. சொன்னதையே சொல்லி அலுத்துப்போய் எழுதி வைத்துவிட்டேன். எந்தப் பவுடர், எத்தனை கிரெயின் எடை என்று இதில் ஓரிடத்திலும் இருக்காது. கை தவறும் இடங்கள் மட்டுமே இருக்கும்.

"ரீலோடிங்னா என்ன அண்ணா? வெடிகுண்டு செய்யற மாதிரியா?"

இல்லை. ஒரு தோட்டாவில் நாலு பொருள்: பித்தளைக் கூடு, அதன் அடியில் பிரைமர், உள்ளே பவுடர், வாயில் குண்டு. சுட்டதும் பவுடர் எரிந்துவிடும், குண்டு போய்விடும், பிரைமர் செத்துவிடும். விலை அதிகமுள்ள பித்தளைக் கூடு மட்டும் காலடியில் விழுந்து கிடக்கும். அதைச் சுத்தம் செய்து, அளவுக்குக் கொண்டுவந்து, மற்ற மூன்றையும் புதிதாக வைப்பதுதான் ரீலோடிங். பிரைமர் என்பது சின்ன வயதில் கல்லால் தட்டி வெடித்தோமே, ரோல் கேப்பு, அதன் பெரியண்ணன்.

புகையில்லாப் பவுடரைத் திறந்த வெளியில் கொளுத்தினால் சர்ரென்று எரிந்து அடங்கிவிடும். அடைத்த இடத்தில்தான் அதன் குணம் தெரியும். கார் டயரில் இருப்பது சதுர அங்குலத்துக்குச் சுமார் 35 பவுண்டு அழுத்தம். 9 எம்எம் தோட்டாவுக்கு அமெரிக்கத் தோட்டாத் தொழிலின் தர அமைப்பான சாமி (SAAMI) வைத்திருக்கும் உச்ச வரம்பு 35,000. டயரைப் போல ஆயிரம் மடங்கு, அதுவும் முகத்துக்கு இரண்டடி தூரத்தில். .308 ரைஃபிளுக்கு 62,000.

"எனக்கு இன்னும் எச்-1பி விசாதான். நான் பண்ணலாமா?"

வேண்டாம். குடியேற்றமல்லாத விசாவில் இருப்பவர் துப்பாக்கி மட்டுமல்ல, தோட்டா வைத்திருப்பதையும் அமெரிக்க மத்தியச் சட்டம் தடுக்கிறது. முறையான வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு. அதை நம்பி இறங்குமுன் ஒரு வக்கீலிடம் கேளுங்கள், என்னிடம் அல்ல. கிரீன் கார்டு வந்தபின் இந்தத் தடை இல்லை. சொந்த உபயோகத்துக்கு நிரப்ப மத்திய உரிமம் தேவையில்லை. விற்கத் தொழிலாகச் செய்தால் தேவை. மாநிலம், ஊர் விதிகள் தனி.

ஊரில் போய் இதைச் செய்யும் யோசனையே வேண்டாம். இந்தியாவில் 1959 ஆயுதச் சட்டப்படி தோட்டா தயாரிக்க உரிமம் வேண்டும்.

"யூடியூப்ல பாத்தேன், ரொம்ப ஈஸியா இருக்கு. இதுல எங்க தப்பு வரும்?"

ஈஸிதான். அதுதான் சிக்கல். ஐம்பது தோட்டாவுக்குள் கை பழகிவிடும், கை பழகியதும் மனசு வேறெங்கோ போய்விடும். இந்தப் பதினோரு வருடத்தில் நான் பார்த்த, கேட்ட தவறுகளில் தெரியாமல் செய்தவை குறைவு. தெரிந்தவர்கள் கவனம் பிசகிச் செய்தவையே அதிகம்.

இரண்டு தவறுகள்தான் ஆளைச் சாய்ப்பவை: பவுடரே போடாமல் விடுவது, இரண்டு முறை போடுவது (டபுள் சார்ஜ்). ரிவால்வர் தோட்டாவான .38 ஸ்பெஷலை எடுத்துக்கொள்ளுங்கள். 1890களின் கடைசியில், கருமருந்து வழக்கத்திலிருந்த காலத்துக்கு ஏற்ற வயிறு அதற்கு. இன்றைய வேகமான கைத்துப்பாக்கிப் பவுடர் அதில் ஒரு மூலையில் கிடக்கும். இரண்டு பங்கு விழுந்தாலும் வழியாது, சில பவுடரில் மூன்று பங்குகூடக் கொள்ளும். மேலே குண்டை உட்கார வைத்துவிட்டால் உள்ளே என்ன இருக்கிறது என்பது கடவுளுக்கு மட்டுமே தெரிந்த ரகசியம். ஆகவே என் பழக்கங்கள் எல்லாவற்றுக்கும் நோக்கம் ஒன்றே: குண்டு மூடுவதற்கு முன் தவறு கண்ணில் பட்டுவிட வேண்டும்.

"அப்ப டபுள் சார்ஜ் ஆகாம இருக்க என்னதான் வழி?"

ஐம்பது குழியுள்ள பலகை ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். காலிக் கூடு எல்லாம் அதில் தலைகீழாக நிற்கட்டும். ஒன்றை எடு, பவுடர் போடு, வாய் மேலே பார்க்க இன்னொரு பலகையில் வை. கவிழ்ந்து நிற்கும் கூட்டில் பவுடர் இருக்க முடியாது, நிமிர்ந்து நிற்பதில் போட்டாயிற்று. ஐம்பதும் முடிந்ததும் டார்ச் அடித்து வரிசை வரிசையாக உள்ளே பாருங்கள். கிணற்றில் தண்ணீர் மட்டம் பார்ப்பது போலத்தான். ஒன்று மட்டும் ஏறியோ இறங்கியோ இருந்தால் கண் தானாக அங்கே நிற்கும்.

இதைவிட நல்லது, பொங்கி நிற்கும் பவுடரைத் தேர்ந்தெடுப்பது. ஒரு பங்கே கூட்டில் பாதிக்கு மேல் நிரப்பும் பவுடர் என்றால் இரண்டாவது பங்கு வெளியே கொட்டித் தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும். கொஞ்சம் அதிகம் செலவாகும், ஆகட்டும்.

"முடிந்த தோட்டாவைத் தராசில் போட்டால் தெரிந்துவிடாதா?" என்று கேட்பார்கள். கைத்துப்பாக்கித் தோட்டாவில் அதை நம்ப முடியாது. கூட்டுக்குக் கூடு, குண்டுக்குக் குண்டு உள்ள எடை வித்தியாசமே பவுடரின் எடையை விழுங்கிவிடும்.

"நடுவுல போன் வந்தா?"

போன் சமையலறையில் இருக்கட்டும். நான் கராஜ் கதவின் கைப்பிடியில் ஒரு சிவப்புத் துண்டு கட்டி வைப்பேன். துண்டு தொங்கினால் வீடு பற்றி எரிந்தாலொழிய கூப்பிடக்கூடாது என்பது பையனுக்கும் தெரியும். அப்படியும் எழுந்தே ஆகவேண்டி வந்தால், பலகையில் எது வரை வந்தேன் என்று நினைவை நம்பாதீர்கள். திரும்பி வந்ததும் போட்ட கூடு அத்தனையிலிருந்தும் பவுடரை டப்பாவில் கொட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பியுங்கள். பத்து நிமிடம் போகும், அவ்வளவுதான்.

துண்டு கட்டும் பழக்கம் எனக்குச் சும்மா வரவில்லை. இங்கே சனிக்கிழமை இரவு, ஊரில் ஞாயிறு விடிகாலை. காபி போட்டதும் அம்மா கூப்பிடுவாள். ரீலோடிங் தொடங்கிய இரண்டாம் வருடம், அப்படி ஒரு அழைப்பைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டே வேலையைத் தொடர்ந்தேன். பவுடர் தானே விழுகிறது, குண்டு தானே வைக்கிறேன் என்ற நினைப்பு. மீதி அடுத்த கேள்வியில்.

"ஸ்குவிப்னு சொல்றாங்களே, அது என்ன?"

பவுடர் இல்லாத தோட்டா. பிரைமர் ஒன்றே வெடித்து, குண்டைக் குழலுக்குள் கொஞ்ச தூரம் தள்ளி அங்கேயே நிறுத்திவிடும். ஆபத்து அந்தத் தோட்டாவில் இல்லை, அடுத்ததில் இருக்கிறது. அடைபட்ட குழலுக்குள் இன்னொரு குண்டைச் சுட்டால் குழல் வீங்கும் அல்லது கிழியும்.

மேலே சொன்ன போன் அழைப்புக்கு மறுவாரம், ரிவால்வரில் சுட்டுக்கொண்டிருந்தேன். நாலாவது தோட்டா "பொட்" என்றது. நமுத்துப்போன பட்டாசின் சத்தம். கையில் உதைப்பே இல்லை. தானியங்கித் துப்பாக்கி என்றால் பெரும்பாலும் அங்கேயே நின்றிருக்கும். ரிவால்வருக்கு அந்தத் தயவு கிடையாது, விசையை இழுத்தால் அடுத்த அறை சுற்றி வந்து நிற்கும். என் விரல் இழுக்கத் தொடங்கியிருந்தது. பின்னால் நின்ற ரேஞ்சு அலுவலர் போட்ட கத்தலில்தான் நிறுத்தினேன். வீட்டில் பித்தளைக் கம்பி விட்டுத் தட்டி அந்தக் குண்டை வெளியே எடுத்தேன். அதே தொகுதியில் மீதமிருந்த 46 தோட்டாவையும் சுத்தியல் புல்லரில் (குண்டைக் கழற்றும் சுத்தியல் போன்ற கருவி) ஒவ்வொன்றாகத் தட்டிப் பிரித்தேன். எல்லாவற்றிலும் பவுடர் சரியாக இருந்தது. அந்த ஒன்றில் மட்டும் அம்மாவின் குரல் இருந்திருக்கிறது.

செய்ய வேண்டியது: சத்தமோ உதைப்போ மாறினால் நிறுத்துங்கள். குழலை இலக்குப் பக்கமே வைத்து அரை நிமிடமாவது காத்திருங்கள். தாமதமாகப் பற்றும் தோட்டாவும் உண்டு. பிறகு முழுக்க இறக்கி, குழல் காலியா என்று பாருங்கள். வேகமாகச் சுடும்போது "சுடவில்லையா, தட்டி இழுத்து அடுத்ததைச் சுடு" என்று பழகியவர்கள் அந்தப் பழக்கத்தைச் சொந்தத் தோட்டாவோடு கொண்டுவராதீர்கள்.

"பெஞ்ச்ல ரெண்டு பவுடர் டப்பா இருந்தா என்ன? பேர்தான் எழுதியிருக்கே?"

பெயரில்தான் வம்பே. எச்-4831 என்று ஒன்று, ஐஎம்ஆர்-4831 என்று ஒன்று. எண் ஒன்று, எரியும் வேகம் வேறு, ஒன்றின் அளவை மற்றதற்குப் போடக்கூடாது. 4350, 4895 எண்களிலும் இதே கதை. ஒரே தெருவில் இரண்டு முருகேசன்கள் இருப்பது போல, வீட்டுப் பெயரையும் சேர்த்துச் சொல்லவில்லை என்றால் ஆள் மாறிவிடும். "4831 எடுத்துட்டு வா" என்று ஒருவர் இன்னொருவரிடம் சொல்வதைக் கேட்டாலே எனக்கு வயிற்றைப் பிசையும்.

பெஞ்சில் ஒரே டப்பா. அது வேலை முடியும் வரை பவுடர் அளந்து போடும் கருவியின் பக்கத்திலேயே நிற்கட்டும், அப்போதுதான் கருவியில் இருப்பது எது என்று சந்தேகம் வராது. ராத்திரி வேலை முடித்து எழும்போது கருவியைக் காலி செய்து அதே டப்பாவில் ஊற்றி மூடுங்கள். சில பவுடர்கள் பிளாஸ்டிக்கையே அரித்துவிடும் என்பது இன்னொரு காரணம்.

ஹார்லிக்ஸ் பாட்டிலில் ரவை போட்டு வைக்கும் நம் வீட்டுப் பழக்கம் இங்கே ஆகவே ஆகாது. எந்தப் பவுடர் என்று நூற்றுக்கு நூறு தெரியவில்லையா, அது குப்பை. கொஞ்சமாக இருந்தால் புல்தரையில் மெல்லியதாகத் தூவிவிடலாம். அதிலுள்ள நைட்ரஜன் புல்லுக்கு உரம். டப்பாவைத் திறந்ததும் காரமான அமில நெடி அடித்தாலோ, துருப்பிடித்தது போலச் செம்பழுப்புத் தூசி தெரிந்தாலோ அந்தப் பவுடர் கெட்டுவிட்டது. அதையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

"கிரெயின்னா எத்தனை கிராம்? கிச்சன் தராசு போதாதா?"

ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெயின். ஒரு கிரெயின் 64.8 மில்லிகிராம். ஆசாரி பொன் நிறுக்கும் குன்றிமணி ஒன்று ஏறக்குறைய இரண்டு கிரெயின். நாம் கவலைப்படுவது ஒரு கிரெயினில் பத்தில் ஒரு பங்கை. கிச்சன் தராசுக்கு அது தூசி.

ரீலோடிங்குக்கான எலக்ட்ரானிக் தராசு நல்லதுதான், ஆனால் அது நாணயமான பொய்யன். தலைக்கு மேல் ஃபேன் ஓடினாலோ, ஏசி காற்று பட்டாலோ, பக்கத்தில் செல்போன் இருந்தாலோ எண் நகரும், அதையும் தயங்காமல் காட்டும். தொடங்கும்போதும் பத்துத் தோட்டாவுக்கு ஒரு முறையும் எடை தெரிந்த கட்டியை வைத்துச் சரிபாருங்கள். கிராம், கிரெயின் மாற்றும் பொத்தானில் விரல் பட்டுவிடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்குப் பழைய துலாக்கோல் தராசின் மேல்தான் நம்பிக்கை. மெதுவானது, ஆனால் அதற்கு பேட்டரி தீராது.

"புக்ல மேக்ஸிமம்னு போட்டிருக்கே, நேரா அதுலேயே ஆரம்பிச்சா என்ன?"

அது அவர்கள் சோதனைக் குழலில், அவர்களிடமிருந்த கூடு, பிரைமர், குண்டு, பவுடர் தொகுதியோடு கிடைத்த எண். உங்கள் நாலு பொருளில் ஒன்று மாறினாலும் கணக்கு மாறும். தொடக்க அளவு தனியாகக் கொடுத்திருந்தால் அதிலிருந்து, இல்லையென்றால் உச்சத்திலிருந்து பத்து சதவீதம் குறைத்து ஆரம்பியுங்கள். புது டப்பா வாங்கினாலும், தொகுதி எண் மாறியிருந்தால் மறுபடி கீழிருந்து ஏறுங்கள். 9 எம்எம் போன்ற குட்டிக் கூட்டில் குண்டு கொஞ்சம் ஆழமாக இறங்கினாலே உள்ளிடம் சுருங்கி அழுத்தம் கிடுகிடுவென ஏறும். எனவே மொத்த நீளத்தையும் அளந்துகொண்டே போக வேண்டும்.

குறைத்தால் எப்போதும் பத்திரம் என்றும் நினைக்காதீர்கள். எச்-110 போன்ற பவுடரை மூன்று சதவீதத்துக்கு மேல் குறைக்காதே என்று அதை விற்கும் நிறுவனமே எச்சரிக்கிறது. எண் வேண்டுமென்றால் பவுடர் நிறுவனத்தின் தளத்தையும், குண்டு நிறுவனத்தின் கையேட்டையும் சேர்த்துப் பாருங்கள். முகம் தெரியாத ஆள் எழுதிய அளவை எடுக்காதீர்கள். இதை எழுதும் நானும் உங்களுக்கு முகம் தெரியாத ஆள்தான்.

"ரேஞ்ச்ல கெடக்கற கூடு எல்லாம் ஒண்ணுதானே? பொறுக்கிக்கலாமா?"

பொறுக்கலாம், ஆனால் அரிசியில் கல் பொறுக்கும் அம்மாவின் கண் வேண்டும். 9 எம்எம் குவியலுக்குள் .380 ஒளிந்திருக்கும். .45 கூட்டில் பெரிய பிரைமர் குழி உள்ளதும் உண்டு, சின்னக் குழி உள்ளதும் உண்டு. உள்ளே எட்டிப் பார்த்தால் நடுவில் ஒரு துளைக்குப் பதில் இரண்டு சின்னத் துளை தெரிந்தால் அது பெர்டான் வகை, நம் கருவிக்கு ஆகாது. ரைஃபிள் கூட்டில் அடிப்பக்கத்துக்குச் சற்று மேலே பளபளவென்று ஒரு வளையம் தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால் சுவர் தேய்ந்து அங்கே துண்டாகப் போகிறது என்று பொருள். பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி நுனியை வளைத்து உள்சுவரைத் தடவினால் பள்ளம் விரலுக்குத் தெரியும்.

இதில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். .300 பிளாக்அவுட் என்று 2011இல் தர அங்கீகாரம் பெற்ற தோட்டா இருக்கிறது. .223 கூட்டை வெட்டியே அதைச் செய்யலாம், இரண்டுக்கும் ஒரே மேகசின். ஆனால் குண்டு .30 அளவு. சில சமயம் அது .223 துப்பாக்கிக்குள்ளும் நுழைந்து பூட்டிக்கொள்ளும். சுட்டால் பெரிய குண்டு சின்னக் குழலில் போக இடமில்லாமல் துப்பாக்கியே சிதறும். இரண்டையும் வைத்திருப்பவர்கள் பெட்டி, மேகசின், ரேஞ்சுக்குப் போகும் நாள் மூன்றையும் தனித்தனியாக வையுங்கள். நான் ஒன்றை விற்றேவிட்டேன்.

"பிரைமர் சரியா உள்ள போகல, கொஞ்சம் தூக்கிட்டு நிக்குது. இன்னொரு தட்டு தட்டிடலாமா?"

பவுடரும் குண்டும் ஏறிவிட்ட தோட்டா என்றால் தொடவே கூடாது. குண்டைக் கழற்றி, பவுடரைக் கொட்டி, அப்புறம்தான் பிரைமர் பக்கம் போக வேண்டும். வெறும் கூடு என்றால் கண்ணாடி மாட்டிக்கொண்டு, பிரஸ்ஸில் (கூட்டை வைத்து அழுத்தும் கைப்பிடிக் கருவி) மெதுவாக அழுத்தி வெளியே எடுக்கலாம். அடித்து அல்ல, அழுத்தி. வைத்து முடித்த ஒவ்வொன்றையும் விரல் நுனியால் தடவிப் பாருங்கள், கூட்டின் அடிமட்டத்துக்கு ஒரு மயிரிழை கீழே இருக்க வேண்டும். பிரைமரைக் கண்ணாடிப் பாட்டிலில் கொட்டி வைப்பவரைப் பார்த்தால் பிடுங்கி வாங்குங்கள். ஒன்று வெடித்தால் மற்றதும் சேர்ந்து வெடிக்கும், கண்ணாடி சில்லாகும்.

"நீங்க கராஜ்ல பண்ணுங்க, சரி. ஈயம் குழந்தைங்க மேல படாதா?"

என் மனைவியின் கேள்வி. படும், நாம் அசட்டையாக இருந்தால். பழைய பிரைமரின் கரியில் ஈயம் இருக்கிறது. கூட்டைச் சோளத்தக்கைத் தூளில் போட்டு உருட்டிச் சுத்தம் செய்யும்போது பறக்கும் தூசியில் அதுதான் அதிகம். நான் தண்ணீர் விட்டு உருட்டும் முறைக்கு மாறிவிட்டேன், தூசி இல்லை. கராஜில் காபி, முறுக்கு எதுவும் கிடையாது. வேலை முடிந்ததும் குளிர்ந்த நீரும் சோப்பும் போட்டுக் கை, முகம் கழுவி, சட்டையைத் தனியாகத் துவைக்கப் போட்டபின்தான் பையனைத் தூக்குவேன். குழந்தையின் ரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராம் ஈயம் இருந்தாலே கவனி என்று அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் 2021இல் வரம்பைக் குறைத்தது. எங்கள் வீட்டில் வருடத்துக்கு ஒரு முறை ரத்தப் பரிசோதனை உண்டு.

"மாப்பிள்ளை, வீட்டுக்குள்ள இவ்வளவு மருந்து வெச்சிருக்கீங்களே, பயமா இல்லையா?"

மாமா சாத்தூர்க்காரர். பட்டாசு ஆலைச் சங்கு கேட்டு வளர்ந்தவர், அவர் கேட்டால் உட்கார்ந்துதான் பதில் சொல்ல வேண்டும். இங்கே பெரும்பாலும் பின்பற்றப்படும் தீப்பாதுகாப்பு விதியில், வீட்டில் புகையில்லாப் பவுடர் 20 பவுண்டு வரை, அதன் சொந்த டப்பாவிலேயே இருக்க வேண்டும். அதற்கு மேல் 50 வரை என்றால் ஓரங்குலக் கனமுள்ள மரப்பெட்டி. பிரைமர் பத்தாயிரம் வரை. என்னிடம் இருப்பது நாலு பவுண்டு.

"இரும்புப் பெட்டியில பூட்டலாமே?" என்றார். கூடாது மாமா என்றேன். தீப்பிடித்தால் மரப்பெட்டி விட்டுக்கொடுத்துவிடும், உள்ளே இருப்பது எரிந்து போகும். இறுக மூடிய இரும்புப் பெட்டி அழுத்தத்தைச் சேர்த்து வைத்து வெடிக்கும். முதல் கேள்வியில் சொன்ன "அடைத்த இடம்" இதுதான். மாமா தலையாட்டிவிட்டு, பிரைமரும் பவுடரும் ஏன் ஒரே அலமாரியில் இருக்கின்றன என்று கேட்டார். அன்றே பிரித்து வைத்தேன்.

"ப்ரோக்ரெஸிவ் பிரஸ் வாங்கினா மணிக்கு நானூறு வருமாமே?"

வரும். கைப்பிடி ஒவ்வொரு முறை இறங்கும்போதும் நாலைந்து வேலை ஒரே நேரத்தில் நடக்கும், நாலைந்து தவறும் நடக்கலாம். எங்காவது சிக்கி, கைப்பிடியைப் பாதியில் தூக்கித் திரும்ப இறக்கும்போதுதான் டபுள் சார்ஜ் பிறக்கிறது. சிக்கியதா, எல்லா நிலையத்தில் உள்ள கூட்டையும் எடுத்துக் கொட்டிவிட்டுத் தொடங்குங்கள். ஒரு நேரத்தில் ஒரு வேலையே செய்யும் ஒற்றை நிலையப் பிரஸ்ஸில் ஒரு வருடம் உட்கார்ந்த பிறகு வாங்குங்கள்.

"நீங்க செஞ்சது ஒரு பெட்டி குடுங்களேன், அடுத்த வாரம் சுட்டுப் பாக்கறேன்."

மாட்டேன். கோபித்துக்கொண்டவர்களும் உண்டு. என் துப்பாக்கிக்குச் சரியானது உங்களுடையதில் சரியாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. நானும் மற்றவர் நிரப்பியதைச் சுடுவதில்லை. என் பெட்டி ஒவ்வொன்றிலும் தேதி, பவுடரின் முழுப் பெயர், தொகுதி எண், எடை, குண்டு, பிரைமர், மொத்த நீளம் எழுதிய சீட்டு இருக்கும். சீட்டு கழன்று விழுந்த பெட்டி என் சொந்தப் பெட்டியானாலும் புல்லருக்குத்தான் போகும்.

"ஊருக்குப் போறப்ப ரேஞ்சுக்குக் கொண்டு போற பேக்பேக்கையே எடுத்துக்கலாமா? காலி பண்ணிட்டேன்."

கூடாது. அடி மடிப்பில் ஒரே ஒரு தோட்டா தங்கியிருந்தாலும் இந்திய விமான நிலைய எக்ஸ்ரேயில் நிற்கும். உரிமம் இல்லாமல் வைத்திருந்ததாக ஆயுதச் சட்டத்தில் வழக்கு வரும். இருப்பது தெரியாமலே வைத்திருந்தேன் என்று நிரூபித்து வழக்கை ரத்து செய்துகொண்டவர்கள் உண்டு. ஆனால் அது உயர் நீதிமன்றப் படி ஏறி, விடுமுறை முழுக்க அலைந்த பிறகு. என் ரேஞ்சுப் பை ஆரஞ்சு நிறம், கராஜை விட்டு வீட்டுக்குள் வராது. சட்டைப்பை, கார் இருக்கை இடுக்கு, துவைக்கும் இயந்திரத்தின் அடி ஆகியவற்றையும் பார்த்துவிடுங்கள். கடைசியாகச் சொன்ன இடத்தில் எனக்கு இதுவரை மூன்று கிடைத்திருக்கிறது.